தம்புச் செட்டி தெரு ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கு

தம்பி,

பழைய ராணுவ வீரர் ஒருவருக்காக நாங்கள் நடத்திய பென்ஷன் கேஸில் ஆர்டர் வந்துவிட்டது. பி.பி.க்கான (ரத்த அழுத்தம்) டிசபிலிட்டி பென்ஷன் 30 சதவீதம். அது 50 ஆக உயர்த்தப்பட்டு, ஆயுள் முழுக்க. எந்த கேஸ், எத்தனை வருடம் என்பதெல்லாம் நம் பழைய பட்டாளத்து ஆட்களுக்குத் தெரியும், இங்கே திரும்ப எழுதவில்லை. இதில் உங்கள் பங்கு என்ன என்பதுதான் உங்களுக்கே தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அன்று மெஷினில் அவருடைய மெடிக்கல் போர்டு தாளை வைக்கும் முன்னால் நீங்கள் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணே, இது லீகல் சைஸ் பேப்பர். ஏ4-ல அடிச்சிருக்காங்க. கீழ வெட்டுப்பட்டிருக்கு, பாருங்க."

லீகல் தாள் 14 அங்குலம். ஏ4 பன்னிரண்டுகூட இல்லை. சுருக்காமல் அப்படியே நகல் எடுத்தால் அடியில் இரண்டேகால் அங்குலம் போய்விடும். வக்கீல், டைப்பிஸ்ட், நாங்கள் எல்லோருமே அந்தப் பக்கத்தைப் பத்து தடவையாவது படித்திருப்போம். எழுத்தைப் படித்தோம். தாளைப் பார்த்தது நீங்கள் ஒருவர்தான்.

அந்த இரண்டேகால் அங்குலத்தில் என்ன இருந்தது தெரியுமா? ஒன்றுமில்லை! அதுதான் விஷயம். பணி முடிந்து வெளியே வரும்போது கூடுகிற ரிலீஸ் மெடிக்கல் போர்டு, நோய் ராணுவப் பணியால் வந்ததா, பணியால் கூடியதா (மோசமானதா), இரண்டும் இல்லையா என்று எழுத வேண்டும். பக்கத்திலேயே காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. இரண்டும் இல்லை என்று எழுதியிருந்ததை நாங்கள் பார்த்தோம். காரணம் வெட்டுப்பட்ட பகுதியில் இருக்கும், ஏதோ பலமாக எழுதியிருப்பார்கள் என்று வழக்கு நெடுக நினைத்துக்கொண்டிருந்திருப்போம். நீங்கள் சொன்ன பிறகு, முழுத் தாளின் நகலைக் கேட்டு மறுபடி ஆர்.டி.ஐ. போட்டோம். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர், பக்கத்துக்கு இரண்டு ரூபாய். "லீகல் அளவிலேயே, இரு பக்கமும், ஓரம் வெட்டாமல், சான்றொப்பமிட்ட நகல்" என்று வாசகத்தைத் தெளிவாக எழுதினோம். வந்த தாளில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது.

வெறும் கட்டம் ஏன் பெரிய விஷயம் என்றால், தரம்வீர் சிங் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பார்க்க வேண்டும். சேரும்போது எடுத்த பரிசோதனையில் நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால், பணியில் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது, வீரருடையது அல்ல. சேரும்போதே கண்டுபிடித்திருக்க முடியாது என்று போர்டு சொல்வதானால், காரணத்தை எழுத்தில் தர வேண்டும். காரணமே எழுதாத போர்டு எதை வைத்து மறுக்கும்?

இதோடு, ராணுவ மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு வழிகாட்டியில் 43-வது பத்தி இருக்கிறது. பி.பி.யைப் பணியால் 'வந்தது' என்று ஏற்காது. ஆனால் ஃபீல்டு (போர்முனைப் பகுதி), உயரமான மலைப்பகுதி, கிளர்ச்சியாளர் எதிர்ப்புப் பணி, நீண்ட கப்பல் பணி இவற்றில் இருக்கும்போது தொடங்கியிருந்தால் பணியால் 'கூடியது' என்று ஏற்கும். ஆகவே போஸ்டிங் பட்டியலைத் தேதியோடு பக்கத்தில் வைத்து, முதல் முறை பி.பி. பதிவான தேதியை அதில் பொருத்திக் காட்ட வேண்டும். இதைச் செய்யாமல் "மன அழுத்தம்" என்று பொதுவாக எழுதித் தோற்றவை நிறைய. கடைசிப் பணியிடம் பீஸ் ஸ்டேஷனாக (அமைதிப் பகுதி முகாமாக) இருந்ததால் விட்டுவிட்டவர்களும் உண்டு. நோய் தொடங்கிய இடம்தான் கணக்கு, போர்டு கூடிய இடம் அல்ல.

பென்சில் குறிப்புகளை 'கறுப்பு வெள்ளை'யில் எடுக்காமல் 'கிரே'யில் எடுத்துத் தந்ததும் நீங்கள்தான். இல்லையென்றால் ஒரு தேதி மறைந்தே போயிருக்கும். காசை மட்டும் பக்கம் எண்ணி வாங்கிக்கொண்டீர்கள். அதில் தள்ளுபடி இல்லை. அதுவும் சரிதான்.

மற்றவர்களுக்கும் நன்றி: டாக்டர் கிறுக்கலைப் படித்துச் சொன்ன ஓய்வுபெற்ற நர்சிங் அசிஸ்டென்ட், வருடாந்திர மெடிக்கல் சீட்டுகளை இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்த அக்கா, ரவுண்டிங் ஆஃப், அதாவது 30 சதவீதத்தை 50 ஆக்கும் கோரிக்கையை மனுவில் தனியாக எழுதச் சொன்ன வக்கீல் அம்மா. 2014 டிசம்பர் 10-ன் ராம் அவதார் தீர்ப்புப்படி அது முழுப் பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு. கடைசிச் சம்பளம் 40,000 என்றால் நூறு சதவீத ஊனத்துக்கு 12,000 (சம்பளத்தில் 30 சதவீதம்), முப்பதுக்கு 3,600, ஐம்பதாக்கினால் 6,000. அகவிலை நிவாரணம் அதற்கு மேலே. மனுவில் கேட்காமல் விட்டால் அதற்கு இன்னொரு அலைச்சல்.

நிராகரித்த கடிதம் வந்து ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல், அதன் பின் இரண்டாவது, அப்புறம்தான் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. படியைத் தாண்டி ஓடினால் திருப்பி அனுப்புவார்கள். வருடக்கணக்கில் தாமதமானால் பென்ஷன் கிடைத்தாலும் பாக்கியை மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்தோடு நிறுத்திவிடுவது உண்டு. 2008-ன் தர்செம் சிங் தீர்ப்பைச் சொல்வார்கள். 2023 செப்டம்பர் 21-க்குப் பின் வெளியே வந்தவர்களுக்குப் புது விதிகள். மேலே சொன்னதை அப்படியே பொருத்த வேண்டாம்.

இன்னும் வேலை முடியவில்லை. திருத்திய பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் உத்தரவு) வரும்போது மூன்றைப் பார்க்க வேண்டும்: சதவீதம், எந்தத் தேதியிலிருந்து, 'ஆயுள் முழுக்க' என்ற சொல். மூன்றில் எது விடுபட்டாலும் ஸ்பர்ஷ் என்ற ராணுவ பென்ஷன் இணையதளத்தில் குறை பதிய வேண்டியதுதான்.

இனி யார் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் நாங்கள் முதலில் எடுப்பது ஸ்கேல். பதினான்கு அங்குலம் இருக்கிறதா என்று அளந்துவிட்டுத்தான் படிக்கவே தொடங்குவோம்.

திங்கட்கிழமை இன்னொருவருடைய கட்டு வருகிறது, தம்பி. அதில் பழைய இ.சி.ஜி. சுருள் ஒன்று இருக்கிறது, வெப்பத்தாள், பாதி மங்கிவிட்டது. வெயில் படாமல் சுற்றிக் கொண்டுவருகிறோம். முதலில் அதை எடுத்துவிடுங்கள்.