பையைக் கவிழ்ப்பதற்கு முன்: குளத்து விவசாயிகளுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் கெண்டை வளர்ப்பவர்களுக்கு, மீன்குஞ்சு பொரிப்பகத்தில் வேலை செய்யும் நாங்கள் எழுதுவது.

குஞ்சு வேண்டுமென்று திங்கட்கிழமை சொல்லிவிட்டு வியாழக்கிழமை வண்டியோடு வந்து நிற்காதீர்கள். திங்கள் மாலை தாய்மீனுக்கு முட்டையிடத் தூண்டும் ஊசி போட்டால் செவ்வாய் விடியலில் முட்டையிடும். 28 டிகிரி நீரில் அது பொரிய 14 முதல் 18 மணி நேரம். பொரிந்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள்கருப் பை தொங்கும். அது கரைய மூன்று நாள். அதற்குமுன் கொண்டுபோகும் பாலித்தீன் பையில் அடைத்தால் நீந்தத் தெம்பில்லாமல் அடியில் குவிந்து, மேலே ஆக்சிஜன் இருந்தும் மூச்சுமுட்டிச் சாகும். ஆகவே சனிக்கிழமை விடியற்காலை வாருங்கள்.

அவசரத்துக்கு இரண்டு நாள் குஞ்சைத் தள்ளிவிடுகிறவர்களும் எங்கள் தொழிலில் உண்டு. வெள்ளை பேசினில் கொஞ்சம் ஊற்றி, நீரைக் கையால் சுழற்றிப் பாருங்கள். நல்ல குஞ்சு சுழலை எதிர்த்து நீந்தும். சோர்ந்தது நடுவில் சேரும்.

பையில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன். வழியில் அவிழ்த்து "நல்ல தண்ணி" மாற்றுவது பெரிய தப்பு: அடைத்த ஆக்சிஜன் போய்விடும், புதிதாக இறைத்த போர் தண்ணீரிலோ ஆக்சிஜன் மிகக் குறைவு. ஈரச்சாக்கு போர்த்தி நிழலில் கொண்டுபோனால் போதும். குளத்தில் பையை அவிழ்க்காமல் 15, 20 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு குளத்து நீரைக் குவளை குவளையாகச் சேர்த்து, குஞ்சு தானாக வெளியேறும்படி சாய்த்துப் பிடியுங்கள். மதியம் வேண்டாம், பாசி படர்ந்த குளத்தில் அப்போது காரத்தன்மையும் ஏறியிருக்கும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் குஞ்சு காணாமல்போனால் நாங்கள் கொடுத்த குஞ்சைத் திட்டாதீர்கள், குளத்தைப் பாருங்கள். குஞ்சைத் தின்னும் விரால், கெளுத்தியை ஒழிக்க, 10 சென்ட் நாற்றங்கால் குளத்தில் (குஞ்சை முதலில் விட்டு வளர்க்கும் குளம்), ஒரு மீட்டர் ஆழத்துக்கு, 100 கிலோ இலுப்பைப் புண்ணாக்கு. குஞ்சு விடுவதற்கு மூன்று வாரம் முன்பே போட வேண்டும். நீர்ப்பூச்சிக்கு, விடுவதற்கு முந்தைய நாள், மலிவு எண்ணெய் இரண்டேகால் கிலோவும் சோப்பு 700 கிராமும் கரைத்துத் தெளியுங்கள். மூச்சுக்கு மேலே வரும் பூச்சியை எண்ணெய்ப் படலம் அடைத்துக் கொல்லும். கடற்காற்று வீசும் நேரத்தில் தெளித்தால் படலம் ஒரு கரைக்கு ஒதுங்கிவிடும், எண்ணெய்தான் வீண்.

புண்ணாக்கின் நஞ்சு முறிந்ததா என்று சந்தேகமாக இருந்தால், முந்தைய நாளே ஒரு பக்கெட் குளத்து நீரைக் கொண்டுவந்து கொடுங்கள். பத்துக் குஞ்சை அதில் விட்டு ஓர் இரவு பார்த்துச் சொல்கிறோம்; அதற்குக் காசு வேண்டாம்.

இப்படிக்கு,
பொரிப்பகத் தொழில்நுட்பப் பணியாளர்கள்