அந்தக் கேள்வியைக் கேட்ட டொக்டருக்கும், மற்ற எல்லோருக்கும்

திருகோணமலையில் மே மாதம் எப்படி இருக்கும் என்று ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை, கோட்டை மான்கள்கூட நிழலை விட்டு அசையாது. அந்த வெக்கையில் ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு, சுவெட்டரோடு தையல் மெஷினுக்கு முன்னால் குந்தியிருந்தவள் நான். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, எட்டு வருடம். இரத்தம் இல்லை என்று இரும்புக் குளிசை தந்தார்கள். யோசனை கூடிப்போச்சு என்றார்கள். ஓர் இடத்தில் தைரொயிட்டுக்கு இரத்தம் எடுத்துப் பார்த்து, "ரி.எஸ்.எச் நோர்மல், ஒன்றுமில்லை" என்று அனுப்பினார்கள். சரி, எனக்குச் சோம்பல்தான் போல என்று நானே நம்பிவிட்டேன்.

2021இல் ஒரு காய்ச்சல். இரண்டு நாள் சத்தி, மூன்றாம் நாள் எழும்ப முடியவில்லை, ஏதோ உளறினேனாம். கொரோனாக் காலம், காய்ச்சல் என்றாலே சனம் கதவைச் சாத்தும். முன்வீட்டு ஓட்டோ அண்ணாதான் ஒன்றும் கேட்காமல் உப்புவெளியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனவர். அண்ணா, உங்கள் புது சீற்றில் சத்தி எடுத்தது நான்தான், அதைப்பற்றி இன்றுவரை நீங்கள் வாய் திறந்ததில்லை.

அங்கே வாட்டில் இருந்த இளம் டொக்டர், உங்களுக்குத்தான் இந்த மடல். பிரஷர் இறங்கி, சீனி இறங்கி, உடம்பில் உப்பும் குறைந்து கிடந்தவளைப் பார்த்துவிட்டு என் கணவரிடம் நீங்கள் கேட்டது, காய்ச்சல் எத்தனை நாள் என்பதை அல்ல. "பிள்ளை பிறந்தபோது கனக்க இரத்தம் போனதா? பிறகு பால் சுரந்ததா, மாதவிடாய் திரும்ப வந்ததா?"

பால் வரவே இல்லை டொக்டர். 2013இல் மகன் பிறந்தபோது நாலு பைன்ட் இரத்தம் ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்தபின் மாமி பால்சுறாவில் வறையும் சொதியுமாகச் சமைத்துத் தந்துகொண்டே இருந்தா, உள்ளியும் முருங்கையிலையும் வேறு. ஒரு சொட்டு இல்லை. நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று மாமிக்குக் கோபம், எனக்கு அழுகை. மாதவிடாயும் அதோடு நின்றது. இரண்டையும் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

நான் தெளிந்த பிறகு, கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் படம் கீறி விளங்கப்படுத்தினீர்கள். மூளைக்கு அடியில், மூக்குக்குப் பின்னால், கடலையளவில் கபச்சுரப்பி, அரைக் கிராம் அளவு நிறை. கர்ப்ப காலத்தில் அது பெருக்கும், பாலுக்கான புரொலக்டினைச் சுரக்கும் கலங்கள் கூடுவதால். ஆனால் அதற்குப் போகும் இரத்தம் அந்தளவுக்குக் கூடாது. அந்த நேரம் பார்த்துப் பெரிய இரத்தப்போக்கு வந்தால் சுரப்பி பட்டினி கிடந்து செத்துவிடும். 1937இல் இதை விரிவாக எழுதிய ஷீகன் என்ற ஆங்கில மருத்துவரின் பெயர்தான் என் வருத்தத்துக்கும். பிறகு எம்.ஆர்.ஐ எடுத்தபோது சுரப்பி இருக்கவேண்டிய பள்ளம் வெறுமையாகக் கிடந்தது.

தையல்காரி மூளைக்கு நான் விளங்கிக்கொண்டது இப்படி. கபச்சுரப்பிதான் ஓடர் எழுதுகிற முதலாளி, தைரொயிட்டும் சிறுநீரகத்துக்கு மேல் இருக்கிற அதிரீனல் சுரப்பியும் தைக்கிற ஆட்கள். தைக்கிறவர் சுணங்கினால் முதலாளி துண்டுக்கு மேல் துண்டு அனுப்புவார், அந்தத் துண்டுதான் ரி.எஸ்.எச். அதனால்தான் தைரொயிட் பழுதென்றால் அது ஏறும். எனக்கோ துண்டு எழுதுகிறவரே இல்லை, எப்படி ஏறும்? அதை மட்டும் பார்த்தால் எல்லாம் நோர்மல்தான்! தைரொயிட் தைத்துத் தருகிற தைரொக்சினையும் அதிரீனல் தைத்துத் தருகிற கோட்டிசோலையும் (அதைக் காலையில்) சேர்த்துப் பார்த்தபோதுதான் இரண்டும் அடியில் கிடந்தன. முதலில் கோட்டிசோலுக்குப் பதிலான ஹைட்ரோகோட்டிசோன், அதற்குப் பிறகுதான் தைரொக்சின் என்று நீங்கள் பிடிவாதமாக நின்றதன் காரணமும் பிறகுதான் தெரிந்தது. மாறிக் கொடுத்திருந்தால் இருக்கிற கொஞ்சக் கோட்டிசோலும் வேகமாகக் கரைந்து நான் திரும்ப விழுந்திருப்பேன்.

வாட்டில் இருந்த மிஸ், காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகோட்டிசோன் அளவை இரட்டிப்பாக்க வேண்டும், சத்தி எடுத்தால் குளிசையை நம்பாமல் ஊசிக்கு ஓடிவர வேண்டும் என்று என் வாயாலேயே மூன்று தரம் சொல்ல வைத்தீர்கள். அந்தச் சீட்டு இன்னும் பேர்ஸில் இருக்கிறது.

அப்புறம் 2022. பெட்ரோல் இல்லை, காஸ் இல்லை, மருந்தும் இல்லை. நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தான குளிசை, கையில் ஆறு நாளைக்குத்தான் இருந்தது. பாமசி ஐயா தனக்குத் தெரிந்த இடமெல்லாம் போன் போட்டுக் கொழும்பில் இரண்டு அட்டை கண்டுபிடித்தார். இரவு பஸ் கொண்டக்டர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து விடியப்புறம் கையில் தந்தார். காசு நீட்டினேன், "மருந்துக்கு என்ன காசு" என்று போய்விட்டார், பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

2013இல் இரத்தம் தந்த நாலு பேருக்கும் நன்றி, நீங்கள் யாரென்று தெரியாது. மாமிக்கும் நன்றி. கொப்பியில் இருந்த படத்தைக் காட்டியபோது கனநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப சுறாவில பிழை இல்லை" என்று மட்டும் சொன்னா. எங்கள் வீட்டில் அது மன்னிப்புக் கேட்டதற்குச் சமம்.

இப்போது ஃபேன் நாலில் ஓடுகிறது. டொக்டர், மாற்றலாகி எந்த ஊரில் இருக்கிறீர்களோ தெரியவில்லை, இதைப் பார்த்தால் ஒரு வரி எழுதுங்கள். ஓட்டோ அண்ணா, புதன்கிழமை கிளினிக், ஆறரைக்கு வாருங்கள், இந்த முறை காசு வாங்காவிட்டால் ஏறமாட்டேன்.