உப்புத்தாள் தொடும் முன் பழைய காரின் நிறத்தை எடுத்து வையுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய கார் அணிவகுப்புப் படங்களைப் பார்க்கும்போது மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் வருகிறது. ஐம்பது, அறுபது வயதான வண்டிகள் பல, ஆலையில் ஒருநாளும் அடிக்காத நிறத்தில் நிற்கின்றன. எஞ்சினுக்கும் சக்கர மூடிக்கும் அசல் பாகம் தேடி அலைகிறவர்கள்கூட நிறத்தை மட்டும் பெயிண்ட் கடை அட்டையைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். பாகத்தை நாளைக்கும் தேடிப் பிடிக்கலாம். நிறத்தைத் தேய்த்து எடுத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.

சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டுதான் இதற்கு மூலம். ஆனால் பிறகு இங்கே வந்த நான்கு கதவு ஹெரால்டு அங்கே கிடையாது. அந்தக் கம்பெனி இன்று இல்லை. போய்க் கேட்க ஆளில்லை. அதனால் டிரையம்பின் பிரிட்டிஷ் நிறப் பட்டியலில் பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து அடித்துவிடுகிறார்கள். இங்கேயும் அதே நிறம்தான் போனது என்பதற்கு அந்தப் பட்டியல் சான்றாகாது. ஆர்.சி. புத்தகமோ ‘கிரீம்’, ‘கிரே’ என்பதோடு நிறுத்திக்கொள்ளும். எத்தனையோ கிரீம் உண்டு. சரியான சான்று வண்டியின் மேலேயேதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அது வெயில் படாத இடங்களில் இருக்கும். டேஷ்போர்டுக்குப் பின்புறம், கதவின் உள் அட்டையைக் கழற்றினால் தெரியும் தகடு, கண்ணாடி ரப்பருக்கு அடியில், டிக்கி ரப்பர் உட்காரும் விளிம்பு, பின் விளக்குக்குப் பின்னால், சீட்டுக்குக் கீழே. ஒரே இடத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஹெரால்டுக்குச் சேஸிஸ் என்னும் அடிச்சட்டம் தனி. பாடியின் பகுதிகள் போல்ட்டில் சேர்ந்தவை. முன் மட்கார்டுகளோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் கவிழும் பானட்டை வேறு வண்டியிலிருந்து எடுத்து மாட்டுவது எளிது, கதவும் அப்படியே. ஆகவே குறைந்தது மூன்று இடம் பாருங்கள். அதில் ஒன்று எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகடாக இருக்கட்டும். அதை யாரும் லேசில் மாற்றியிருக்க மாட்டார்கள்.

தேர்ந்த இடத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு 600 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுச் சாய்வாகத் தேயுங்கள். பிறகு 1000, 1500 என்று மெருகேற்றினால் மரத்தை அறுத்தாற்போல் வளையம் வளையமாகத் தெரியும். நடுவில் தகடு, அதைச் சுற்றி ஆலையில் நிறத்துக்கு அடியில் பூசிய பிரைமர், அதற்கடுத்த வளையம்தான் ஆலை நிறம். வெளியே போகப் போகப் பின்னால் அடித்தவை. சாம்பல் அல்லது செங்காவிப் பிரைமரையே நிறம் என்று நினைத்து ஏமாறுவது உண்டு. மெருகேற்றும் காம்பவுண்ட் போட்டுத் துடைத்துப் பாருங்கள்: மேல் பூச்சு மினுங்கும், பிரைமர் மங்கலாகவே கிடக்கும். அந்தக் காலத்து மஞ்சள், சிவப்பு, பச்சைப் பூச்சுகளில் நச்சான ஈயக் குரோமேட் இருக்கக்கூடும். உலர்ந்த தேய்ப்பு வேண்டாம். நல்ல மாஸ்க் கட்டாயம்.

வெள்ளை, கிரீம் வண்டிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எண்ணெய் சார்ந்த எனாமல் பூச்சு இருட்டில் கிடந்தால் மஞ்சளாகும். டேஷ்போர்டுக்குப் பின்னால் பார்த்த கிரீம், ஆலையை விட்டு வந்த கிரீமைவிடப் பழுப்பாக இருப்பது இதனால்தான். கழற்ற முடிகிற துண்டென்றால் சில நாள் வெயிலில் வையுங்கள். அந்த மஞ்சளில் பெரும்பகுதி போய்விடும். அதன் பிறகு அளக்கலாம். இந்தப் படியைத் தாண்டியதால் வெண்ணெய் நிற வண்டி கடுகு நிறம் ஆவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

கலவைக் கடையின் நிறமானியை வெளுத்து மாவு பூத்த பரப்பின் மேல் வைத்தால் தப்பான கணக்குத்தான் வரும். மெருகேற்றிய சமதளத்தில் மூன்று நான்கு தடவை அளக்கச் சொல்லுங்கள். வரும் கலவையை நேரே வண்டியில் அடிக்காமல், அதே பிரைமர் பூசிய தகட்டுத் துண்டில் அடித்து, காய்ந்த பின் வெயிலிலும் நிழலிலும் டியூப்லைட்டிலும் ஒப்பிடுங்கள். பழைய நிறமிகள் சில இன்று புழக்கத்தில் இல்லாததால் வெயிலில் ஒத்துப்போவது டியூப்லைட்டில் பிரிந்து நிற்கலாம். வெயிலில் ஒத்ததையே எடுங்கள். கார் ஓடுவது வெளிச்சத்தில்தானே.

அடுத்து, எந்தப் பெயிண்ட்? நம்மூரில் டூகோ என்று சொல்லும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டா, எனாமலா என்பதைத் தின்னர் சொல்லிவிடும். பஞ்சில் என்.சி. தின்னர் நனைத்து மறைவிடத்தில் பத்து விநாடி தேயுங்கள். நிறம் உடனே கரைந்து பஞ்சில் வந்தால் டூகோ. எனாமலுக்கு மேல் டூகோ அடித்தால் தின்னர் அடிப்பூச்சைத் தூக்கிச் சுருக்கிவிடும். தகடு வரை இறக்கியாக வேண்டும். அசல் பூச்சு நிறைய மிஞ்சிய டூகோ வண்டிக்கு டூகோவே பொருத்தம். ஓட்டுகிற வண்டிக்கு, இறுக வைக்கும் ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பெயிண்டில் மினுக்குத் துகள் இல்லாத சாலிட் நிறம் போதும். பெட்ரோல் சிந்தினாலும் கறை பிடிக்காது. மேலே நிறமற்ற கிளியர் கோட் மட்டும் வேண்டவே வேண்டாம். கண்ணாடிக்கு அடியில் வைத்தது போன்ற அந்த மினுமினுப்பு அக்காலத்துச் சாலிட் நிறத்துக்கு ஒட்டாது.

டிங்கரிங்கில் துருவை வெட்டி எடுத்துத் தகடு வைத்து வெல்டு செய்யாமல் பட்டிப் பசையால் நிரப்புவதுதான் பெரிய கேடு. பட்டி 2 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஹார்டனர் எடையில் 2 சதவீத அளவே. சீக்கிரம் காயட்டும் என்று கூட்டினால் மாதங்கள் கழித்து மேல் நிறத்தில் கறையாக வெளிவரும். பட்டியை உலர்வாகவே தேய்க்க வேண்டும். தண்ணீர் போட்டால் உறிஞ்சிக்கொண்டு பின்னால் கொப்புளமாகும். சென்னை போன்ற கடலோர ஊரில் வெறுந்தகட்டை ஒரு ராத்திரி விட்டாலே துரு பூக்கும். அன்றைக்கே எபாக்சி பிரைமர் ஏற்றிவிடுங்கள். கதவு, பானட், டிக்கி எல்லாவற்றையும் சேஸிஸில் மாட்டி இடைவெளி சரிபார்த்த பிறகே நிறத்துக்குக் கழற்ற வேண்டும். நிறம் அடித்தபின் சரி செய்தால் விளிம்பு பெயர்ந்துவிடும். கண்ணாடி ரப்பரைக் கழற்றாமல் டேப் ஒட்டி அடித்த வண்டியில் பூச்சு உரியத் தொடங்குவது அந்தக் கோட்டில்தான். புது ரப்பரை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

ஹெரால்டு அளவு வண்டிக்கு உள்ளும் புறமும் டூ-கே என்றால் 3 லிட்டர் நிறம், அதற்குரிய ஹார்டனர், தின்னர் தேவைப்படும். கூடவே அரை லிட்டர் நிறத்தை அதே கலவையில் வாங்கி மூடி வையுங்கள். பிறகு கலந்தால் அதே நிறம் வராது. டூ-கே ஹார்டனரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் உண்டு. கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கும் பெயிண்டருக்குக் காற்றுக்குழாய் மாஸ்க் வாங்கித் தருவது உரிமையாளர் பொறுப்பு. டூகோ என்றால் மெல்லிய கோட்டாக ஆறு முதல் எட்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடாதீர்கள். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெள்ளை பூத்துவிடும். அடித்த பின் ஒரு மாதமாவது ஆறவிட்டுத்தான் கடைசி மெருகு. அவசரப்பட்டால் பூச்சு இறுகும்போது அடியிலுள்ள உப்புத்தாள் கீறல்கள் மேலே தெரியும்.

இப்போதுள்ள நிறத்திலிருந்து ஆலை நிறத்துக்குத் திரும்பினாலும் ஆர்.சி.யில் நிறத்தை மாற்றிப் பதிய வேண்டும். 50 வயது கடந்த வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதிகள் அசல் வடிவத்தை வலியுறுத்துகின்றன. கண்காட்சி நடுவர்களும் பளபளப்புக்கு மதிப்பெண் போடும் முன், நிறத்துக்கு என்ன ஆதாரம் என்று உரிமையாளரைக் கேட்க வேண்டுகிறேன்.

வேலை தொடங்கும் நாளில் பெயிண்டரிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய பூச்சை அப்படியே விட்டு, சுற்றி டேப் ஒட்டிவிட்டு அடிக்கட்டும். அடுத்து அந்த வண்டியைக் கையில் எடுப்பவர் அங்கே தேடுவார்.

இப்படிக்கு,
பழைய கார் சீரமைப்புத் தொழிலிலுள்ள வாசகர்,
சென்னை.