சுவரில் முளைத்ததை வளர்ப்போம், மாப்ள

மதுரை,
புரட்டாசிக் கடைசி

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய விஷயத்தை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், போட்டோ அனுப்பச் சொல்கிறாள். அவளுக்கு முட்டி வலி மட்டும்தான், மற்றபடி நன்றாக இருக்கிறாள். இங்கே சாயங்காலமானால் மேகம் கூடுகிறது, இடியும் கேட்கிறது, மழைதான் இன்னும் பிடித்துப் பெய்யவில்லை.

சரி, தொட்டியில் குட்டை மரம் வளர்க்கிற நம் போன்சாய் போட்டி விஷயத்துக்கு வருகிறேன். தலவிருட்சம், அதாவது ஆளுக்கு ஒரு கோயில் மரம் என்று தலைப்பு வைக்கலாம் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குப் பிடித்துத்தான் போனது. கடம்பவனம் என்று பேர் வாங்கிய ஊர், மீனாட்சி கோயிலில் அந்தப் பழைய கடம்பின் மிச்சத்தை இன்றைக்கும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், பழமுதிர்சோலைக்கு நாவல், திருப்பரங்குன்றத்துக்குக் கல்லத்தி என்று நம்மைச் சுற்றியே பட்டியல் நீளும். ஆனால் வளர்க்கிறவன் கண்ணால் பார்த்தால் சிக்கல் தெரிகிறது. கடம்பு இலை உள்ளங்கையை விடப் பெரிது. எவ்வளவு கிள்ளினாலும் ஓர் அளவுக்கு மேல் சிறுக்காது, ஒன்றரை அடி உயரத்தில் அந்த இலையோடு நின்றால் பார்க்கிறவர்கள் நாற்று என்றுதான் நினைப்பார்கள். வன்னி கிடைத்தவனுக்கோ பொடி இலை, கரடுமுரடான பட்டை எல்லாம் பிறப்பிலேயே வந்துவிடும். ஒருவன் ஓடும்போது இன்னொருவன் மலை ஏற வேண்டியிருக்கும், அது சினேகிதர்களுக்குள் நடக்கிற போட்டிக்குச் சரிவராது.

நம் ஆட்களில் ஒருவர் எல்லோரும் புளியே வைக்கலாம் என்றார். புளி எனக்கு உயிர். அந்தச் சின்ன இலை சாயங்காலம் கூம்புவதைப் பார்க்கவே மாடிக்குப் போவேன். ஆனால் கொட்டை போட்டு வளர்த்தால் தண்டு பருக்கப் பல வருஷம் ஆகும், அதனால் எல்லோரும் நர்சரிக்கு ஓடுவார்கள், யார் கையில் காசு அதிகமோ அவர் மரம்தான் முன்னால் நிற்கும். கிழங்கு மாதிரி வேர் வீங்கிய ஜின்செங் ஃபைகஸ் என்ற கடைச் செடியை வாங்கி வந்து தொட்டியை மட்டும் மாற்றிவிட்டு போன்சாய் என்று வைப்பதைப் பார்த்திருக்கிறாயே, அது நம் போட்டிக்குள் நுழையவே கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

அதனால் நான் சொல்லும் தலைப்பு: சுவரில் முளைத்த மரம். காக்காயும் குயிலும் பழத்தைத் தின்று எச்சமிட்டு, பழைய காரைச் சுவரில், கிணற்று உறையில், தண்ணீர்த் தொட்டி ஓரத்தில், மாடிக் குழாய் இடுக்கில் முளைத்து நிற்கிற ஆல், அரசு, இச்சி, அத்தி, இந்த அத்தி இனத்து நான்கில் ஏதாவது ஒன்று. எப்படியும் வீட்டுக்காரர் அதை வெட்டத்தான் போகிறார், விட்டால் சுவரைப் பிளந்துவிடும். கேட்டால் சந்தோஷமாக எடுத்துக்கொள்ளச் சொல்வார். காசு செலவில்லை, எல்லோருக்கும் ஒரே ஆரம்பம். இன்னொரு லாபமும் உண்டு. மண்ணே இல்லாத இடத்தில் வருஷக்கணக்காகக் கிடந்ததால் அது பாதி போன்சாயாகவே இருக்கும். அடித்தண்டு தடித்து, வேர் தட்டையாகச் சுவரோடு படர்ந்து, வெளிச்சம் தேடி ஒரு பக்கம் வளைந்திருக்கும். அந்த வளைவைக் கம்பி கட்டி வரவழைக்க முடியாது மாப்ள.

கோயில் கோபுரத்திலும் மதிலிலும் கை வைக்கக் கூடாது என்பது முதல் விதி. அழகர்மலைப் பக்கம் போய்ப் பிடுங்கி வருவதும் கூடாது, அது காப்புக்காடு. ஊருக்குள் இடியப்போகிற வீடுகளே நமக்குப் போதும்.

எடுக்கிற முறையை மற்றவர்களுக்கு நீயே விளக்கிச் சொல், அவர்கள் உன் பேச்சைத்தான் கேட்பார்கள். ஐப்பசி மழை நன்றாகப் பெய்து சுவர் ஊறிய பிறகுதான் தொட வேண்டும். பிடித்து இழுத்தால் வேர் முழுக்க உள்ளேயே அறுந்து நின்றுவிடும், உளியால் காரையைச் சுற்றிலும் கொத்தி, வருகிற வேரைக் காயமில்லாமல் வாங்க வேண்டும். ஆலும் இச்சியும் வேர் குறைவாக வந்தாலும் தண்டிலிருந்தே புது வேர் விட்டுப் பிழைத்துக்கொள்ளும், அரசு அவ்வளவு சுலபமில்லை, அதற்குக் கொஞ்சமாவது வேர் வேண்டும். இலையை எல்லாம் கிள்ளிவிட்டு, ஆற்று மணலும் செங்கல் தூளும் கலந்து ஆழமான மண்தொட்டியில் நட்டு நிழலில் வைத்தால் போதும். புதுத் துளிர் நன்றாக விரியும் வரை வெயிலும் உரமும் வேண்டாம். அழகான தட்டுத் தொட்டியில் உடனே வைக்கத் துடிப்பார்கள், விடாதே. சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தளத்தில் ஆழமில்லாத தொட்டி வைத்தால் வேர் வெந்துபோகும்.

போட்டியில் என்ன பார்ப்பது என்று கேட்டிருந்தாய். தொட்டிக்கு வந்த பிறகும் அது சுவரில் முளைத்த மரம் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். முளைத்த இடத்திலிருந்தே ஒரு பழைய செங்கல்லையோ காரைக் கட்டியையோ எடுத்து வந்து, வேரை அதன் மேல் பரப்பிச் சணலால் கட்டி, மண்ணுக்குள் புதைத்துவிட வேண்டும். செங்கல் ஈரம் குடிக்கும், வேர் அதை நன்றாகப் பற்றிக்கொள்ளும். ஒரு வருஷத்துக்கு மேல் விட்டு, மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை விலக்கினால் வேர் கல்லைக் கவ்வியிருப்பது தெரியும். அதனால் இந்த ஐப்பசியில் தொடங்கினால் அடுத்த தைக்கு அடுத்த தையில்தான் பார்க்க முடியும். அதற்கு முன் கேட்டால் குச்சியைத்தான் காட்டுவார்கள். வேரின் பிடி, தண்டின் வளைவு, முதல் இரண்டு கிளை, இவ்வளவு போதும். முழு மரம் யாரும் கொண்டு வர மாட்டார்கள், வரவும் கூடாது.

அரசை வீட்டில் வளர்க்கக் கூடாது என்று அம்மா சொல்கிறாள். அவள் சொல்லை மீறி நான் எதுவும் வைக்கப் போவதில்லை, இச்சிதான் எடுக்கப் போகிறேன், அதன் சின்ன இலைக்கு ஈடு இல்லை. மற்ற வீடுகளிலும் இந்தப் பேச்சு வரும், அதனால்தான் நான்கு மரம் சொன்னேன். இரண்டு பேர் வேம்பையும் சேர்க்கச் சொல்கிறார்கள். எனக்குச் சம்மதம்தான், ஆனால் அது அத்தி இனம் மாதிரி கல்லைக் கவ்வாது. நீ என்ன சொல்கிறாய்?

கோவையில் உங்கள் பழைய வீட்டுப் பின்சுவரில் ஓர் ஆலங்கன்று நின்றதே, அதை யாரும் வெட்டாமல் பார்த்துக்கொள். தீபாவளிக்கு வருகிறாய் அல்லவா, அதற்குள் தலைப்பை உறுதி செய்து எல்லோருக்கும் ஒரு வரி எழுதிப் போட்டுவிடு, உளியும் சுத்தியலும் நான் எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்