பாடறதுக்கு முன்னாடியும் பாட்டு இருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

பழைய பாப், ராக் பாட்டுகளைப் பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரை படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா முழுக்க முழுக்க பாடகர்களோட கதையாவே போயிடுச்சு, அவங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியும் பாடி முடிச்ச பிறகும் அந்தப் பாட்டுகள்ல என்னென்ன நடக்குதுன்னு ஒரு வரி கூட இல்ல, அதான் எழுதறேன்.

மைக்கேல் ஜாக்சனோட 'பில்லி ஜீன்' எடுத்துக்கோங்க. 1982ல வந்த 'த்ரில்லர்' ஆல்பத்துல இருக்கற பாட்டு. மொதல்ல வெறும் டிரம்ஸ், அப்புறம் அந்த பேஸ் கிட்டார் வந்து சேரும், அதுக்கு மேல கீபோர்ட், ஜாக்சன் பாட ஆரம்பிக்கறதுக்குள்ள கிட்டத்தட்ட அரை நிமிஷம் ஓடிடும். இந்த ஆரம்ப இசை (இன்ட்ரோ) ரொம்ப நீளம், குறைச்சிடலாம்னு புரொடியூசர் குயின்ஸி ஜோன்ஸ் சொல்லியிருக்காரு, இதைக் கேட்டாத்தான் எனக்கு ஆடணும்னு தோணுதுன்னு ஜாக்சன் விடல. நல்லவேளை விடல!

பில் காலின்ஸோட 'இன் தி ஏர் டுநைட்' (1981) இன்னும் ஒரு படி மேல. மூணரை நிமிஷத்துக்கு மேல தாளத்துக்கு ஒரு டிரம் மெஷின் மட்டும் சன்னமா தட்டிக்கிட்டே இருக்கும், குரலும் அடங்கியே இருக்கும், எப்போ வரும் எப்போ வரும்னு காத்திருக்கறப்போ திடீர்னு நிஜ டிரம்ஸ் வந்து இறங்கும் பாருங்க, எத்தனை தடவை கேட்டாலும் உடம்பு சிலிர்க்கும். சிங்கிளா, அதாவது தனிப் பாட்டா வந்தப்போ ரேடியோவுக்காக முன்னாடியே கொஞ்சம் டிரம்ஸ் சேர்த்துட்டாங்க, என்னைக் கேட்டா அது பாட்டையே கெடுத்துடுச்சு, ஆல்பத்துல இருக்கறதைத்தான் கேக்கணும்.

பிங்க் ஃபிளாய்ட் பேண்டோட 'விஷ் யூ வேர் ஹியர்' 1975. ரேடியோ ஸ்டேஷன் மாத்தற சத்தம், அப்புறம் ஒரு கிட்டார் எங்கயோ தூரத்துல ரேடியோவுல கேக்கற மாதிரி மெலிசா வரும், கொஞ்ச நேரத்துல இன்னொரு கிட்டார் நம்ம பக்கத்துலயே உக்காந்து அதோட சேர்ந்து வாசிக்கற மாதிரி கணீர்னு கேக்கும். ரெண்டுமே வாசிச்சது அந்த பேண்டோட கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மர்தான். ஹெட்போன்ல கேளுங்க.

ஆனா ஈகிள்ஸ் பேண்டோட 'ஹோட்டல் கலிஃபோர்னியா'வுக்கு நடக்கற கொடுமைதான் தாங்கல. பாடி முடிச்ச பிறகு அந்த பேண்டோட கிட்டாரிஸ்ட்கள் டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் மாத்தி மாத்தி வாசிச்சு, கடைசியில ரெண்டு கிட்டாரும் ஒண்ணா சேர்ந்து இறங்கி வர்ற அந்த ரெண்டு நிமிஷம்தான் பாட்டோட உயிரே. ரேடியோவுல சரியா அந்த எடத்துல சத்தத்தைக் குறைச்சிட்டு விளம்பரம் போடறாங்க. ரொம்ப வருத்தமா இருக்கு.

அடுத்த தடவை இந்த மாதிரி கட்டுரை போடறப்போ தயவுசெஞ்சு வாசிச்சவங்க பேரையும் போடுங்க. 'பில்லி ஜீன்' பாட்டுல டிரம்ஸ் வாசிச்சவர் என்டூகு சான்ஸ்லர், பேஸ் வாசிச்சவர் லூயிஸ் ஜான்சன்.

இப்படிக்கு,
உங்க வாசகர்