கண்காணிப்புப் பட்டை யார் காலில்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விசாரணைக் கைதிகளின் கணுக்காலில் ஜிபிஎஸ் பட்டையை மாட்டி வீட்டுக்கு அனுப்பினால் சிறை நெரிசல் குறையும் என்ற யோசனை, உச்ச நீதிமன்றத்தின் ஆய்வு மையம் 2024 நவம்பரில் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு வலுப்பெற்றிருக்கிறது. நெரிசல் உண்மைதான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். ஆனால் அந்தப் பட்டை சிறைக்கு மாற்றாக வருகிறதா, ஜாமீனில் வெளிவந்தவர் மீது கூடுதல் சுமையாக வருகிறதா என்பதே என் கேள்வி.

இரண்டாவதுதான் நடக்கும் என்று அஞ்சுகிறேன். 2023 நவம்பரில் ஜம்மு காஷ்மீரில் இந்தக் கருவி அறிமுகமானபோது, அது ஜாமீனில் விடப்பட்டவரைக் கண்காணிக்கவே பயன்பட்டது. ஜாமீன் பெற்றவர் தம் இருப்பிடத்தைக் கூகுள் வரைபடத்தில் விசாரணை அதிகாரிக்குக் காட்ட வேண்டும் என்ற டெல்லி உயர் நீதிமன்றத்தின் நிபந்தனையை, அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் அந்தரங்க உரிமைக்கு முரணானது என்று கூறி உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 8 அன்று ரத்து செய்தது. கைப்பேசி வழியே கூடாது என்று சொல்லப்பட்டது, கால்பட்டை வழியே மட்டும் எப்படிச் சரியாகும்?

நம் சிறைகளில் ஜாமீன் உத்தரவு கிடைத்தும் வெளியே வர முடியாமல் கிடப்பவர்கள் ஏராளம். ரத்த உறவில் ஒருவர் உட்பட இரண்டு பிணையாளர்களையும் சொத்து மதிப்புச் சான்றையும் கொண்டுவர இயலாததே பலருக்குத் தடை. அவர்கள் தப்பி ஓடுவார்கள் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. ஒரு மாதத்துக்குள் பிணை கட்ட முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாத விசாரணைக் கைதி உச்சத் தண்டனையின் மூன்றில் ஒரு பங்குக் காலத்தைச் சிறையில் கழித்துவிட்டால் அவரை விடுவிக்கப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு வழிசெய்கிறது (மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களும் இதில் அடங்கமாட்டார்கள்). இவற்றை ஒழுங்காக நடைமுறைப்படுத்தக் கருவி எதுவும் தேவையில்லை.

வீட்டுக்காவலின் செலவு யாருடையது என்பதும் முக்கியம். மனித உரிமைச் செயற்பாட்டாளர் கௌதம் நவ்லகா 2022 நவம்பர் முதல் வீட்டுக்காவலில் இருந்தார். 2024 மே மாதம் ஜாமீன் வழங்கியபோது, காவல் செலவுக்காக 20 லட்சம் ரூபாய் கட்டுமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஓர் அறையில் ஐந்து பேர் வாழும் கூலித் தொழிலாளி இதற்கு எங்கே போவார்? வேலைக்குப் போகாத நாளில் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. மின்தடையால் பட்டையின் மின்கலம் தீர்ந்துபோனால், அதையே நிபந்தனை மீறலாகக் கருதி மீண்டும் அவரைச் சிறையில் அடைப்பார்களா?

இங்கிலாந்தில் மின்னணுப் பட்டையுடன் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரமாவது வீட்டில் அடைந்திருக்க வேண்டும் என்ற ஜாமீன் நிபந்தனையில் கழித்த ஒவ்வொரு நாளுக்கும், பின்னர் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டால், அரை நாள் கழித்துக்கொள்ளப்படுகிறது. நம் சட்டத்தில் அத்தகைய தெளிவான ஏற்பாடு இல்லை.

தமிழக அரசு இத்திட்டத்தைப் பரிசீலித்தால், ஜாமீன் மறுக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே, அவர்கள் சம்மதத்துடன், முழுவதும் அரசு செலவில், நாள் கணக்கைத் தண்டனையில் கழிக்கும் விதியோடு அதைத் தொடங்க வேண்டும். ஓராண்டுக்குப் பின், பட்டை அணிந்தவர்களில் எத்தனை பேர் அது இல்லாவிட்டால் சிறையில் இருந்திருப்பார்கள் என்ற கணக்கைச் சட்டப்பேரவையில் வைக்க வேண்டும்.

இங்ஙனம்,
வாசகர், விழுப்புரம்