சாக்கடைக்குள் கிடக்கும் குடிநீர்க் குழாய்: எங்கள் பேரூராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயல் அலுவலர் அய்யா அவர்களுக்கும், தலைவர் அவர்களுக்கும், வார்டு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் பிள்ளையார் கோயில் வீதியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். பதினோரு நாள் கழித்து வந்த நல்ல தண்ணீர் சாம்பல் நிறத்தில், நாற்றத்தோடு வந்தது. வாந்தி பேதி என்று வீட்டுக்கு ஒருவராகப் படுத்தார்கள். முகாம் போட்டீர்கள், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கொடுத்தீர்கள், மூன்று நாள் லாரியில் தண்ணீர் அனுப்பினீர்கள். அதற்கு நன்றி. ஆனால் நான்காம் நாள் அதே குழாயில் திரும்பத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். குழாய் அதே சாக்கடைக்குள்தான் கிடக்கிறது. அதை வெளியே எடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அந்த வீதியின் கீழ்க்கோடியில் சாக்கடை மூடிக்கல் ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் போதும். தண்ணீர் கொண்டுவரும் பெரிய குழாயான மெயின் லைன் ஒரு ஓரம், வீடுகள் மறு ஓரம், நடுவில் சாக்கடை. ஒவ்வொரு வீட்டுக்கும் போகும் அரை அங்குல ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) சாக்கடையைக் குறுக்கே தாண்டுகிறது. சாக்கடை கட்டியபோது அதைத் தூக்கி வைக்கவில்லை. சுவரில் ஓட்டை விட்டு, குழாயைச் சுற்றிப் பூசிவிட்டுப் போய்விட்டார்கள். அது இப்போது சாக்கடைத் தரைக்கு நாலு விரல் மேலே, பாலித்தீன் பையும் தலைமுடியும் சுற்றிக்கொண்டு, நாள் முழுக்கச் சோப்புத் தண்ணீரில் ஊறுகிறது. ஜி.ஐ. குழாயில் முதலில் அரிப்பது மரை வெட்டிய இடம், அங்கே துத்தநாகப் பூச்சு போயிருக்கும். எல்போவும் சாக்கெட்டும் சேரும் அந்த இடம்தான் பல வீடுகளுக்குச் சாக்கடையின் நட்டநடுவில் இருக்கிறது. விரலால் அழுத்தினால் துரு ஏடு ஏடாக உரிந்து கையோடு வருகிறது.

தண்ணீர் விடுகிற நாளில் அந்தச் சாக்கடையில் ஒரு இடத்தில் தெளிந்த நீர் கொப்பளித்துக்கொண்டு வரும். குழாயில் ஓட்டை அங்கேதான். வால்வை மூடியதும் மெயின் காலியாகிறது. பள்ளத்து வீடுகளில் தண்ணீர் இறங்க இறங்கக் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, வெளியே கொப்பளித்த அதே ஓட்டை சாக்கடையை உள்ளே இழுக்கிறது. பதினோரு நாள் அது குழாயிலேயே தேங்கிக் கிடந்து, அடுத்த முறை வால்வு திறக்கும்போது முதலில் குடத்தில் விழுகிறது. அந்த வீதியில் பெண்கள் முதல் இருபது நிமிடத் தண்ணீரைப் பிடிக்காமல் ஓடவிடுகிறார்கள். தண்ணீர் வருவதே ஒன்றரை மணி நேரம். அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு. விடிந்தால் எல்லை தாண்டிக் கேரளாவின் கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகளுக்கு முதல் ஷிப்டுக்கு ஓட வேண்டியவர்கள் தூக்கத்தை விட்டு எழுந்து, வந்த நல்ல தண்ணீரைச் சாக்கடைக்கே திருப்பி ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறோம். குழாயில் நேரடியாக அரை எச்.பி. மோட்டார் மாட்டி இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் ஓடும்போதே அந்த மோட்டார் வெற்றிடத்தை உண்டாக்கிச் சாக்கடையையும் சேர்த்து இழுக்கும், இழுத்தவர் வீட்டுக்கு மட்டுமல்ல, பக்கத்து வீடுகளுக்கும். வேகம் பற்றாத இடத்தில் வாசலில் இரண்டடிக் குழி தோண்டிக் குழாயைக் கீழே இறக்கியிருப்பவர்களும் உண்டு, மழை பெய்தால் அந்தக் குழி நிரம்பிக் குழாய் வாயே மூழ்கிவிடும். மோட்டாரைப் பறிமுதல் செய்யுங்கள், தடுக்க மாட்டோம். ஆனால் மோட்டாரைப் பிடித்துக்கொண்டு போன பிறகும் ஓட்டைக் குழாய் சாக்கடையில்தான் இருக்கும்.

"பிளீச்சிங் பவுடர் கூடுதலாகப் போடச் சொல்லியிருக்கிறோம்" என்ற பதிலை இந்த முறையும் கேட்டோம். லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் குளோரின் வேண்டுமென்றால் 200 கிராம் குளோரின் தேவை. 33 சதவீதச் சத்துள்ள புதுப் பவுடரில் அது சுமார் 600 கிராம். வாய் திறந்த மூட்டையில் ஈரம் பட்டுச் சத்து 20 சதவீதத்துக்கு இறங்கிய பவுடரில் அதற்கே ஒரு கிலோ ஆகிவிடும். வாளியில் கரைத்து, தெளியவிட்டு, தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரமாவது நிறுத்திவைத்துத்தான் திறக்க வேண்டும். இதெல்லாம் ஒழுங்காக நடந்தாலும் கடைசி வீட்டுக் குழாயில் எஞ்சியிருக்க வேண்டிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். சாக்கடை கலந்த இடத்தில் அந்த அளவு நொடியில் தீர்ந்துவிடும். தொட்டியடியில் குளோரின் இருக்கிறதா என்று நிறத்தால் காட்டும் குளோரோஸ்கோப் குழலில் மஞ்சள் நிறம் வந்தது என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள். அந்தக் குழலைக் கீழ்க்கோடி வீட்டில் பிடித்துப் பாருங்கள். கழிவுக் கிருமி இருந்தால் கறுத்துக் காட்டும் எச்-டூ-எஸ் சோதனைப் பாட்டில் ஒன்றையும் அங்கே நிரப்பி வையுங்கள். ஒன்றிரண்டு நாளில் தண்ணீர் கறுத்தால் பிறகு விவாதமே வேண்டாம்.

தண்ணீர்ப் பேச்சு எடுத்தாலே நம் ஊரில் கேரளாவைத்தான் இழுக்கிறோம். சிறுவாணி அணை கேரளாவுக்குள் இருக்கிறது. 1973 ஒப்பந்தப்படி அதில் ஆண்டுக்கு 1.3 டி.எம்.சி. (130 கோடி கன அடி) தண்ணீர் நமக்கு உண்டு. 50 அடி அணையில் 45 அடிக்கு மேல் தேக்கவிடுவதில்லை என்ற வருத்தமும் நியாயமானதுதான். அதை அரசும் அரசும் பேசட்டும். ஆனால் சிறுவாணித் தண்ணீரோ ஆழியாற்றுத் தண்ணீரோ, மலையிலிருந்து இறங்கி, சுத்திகரித்து, இத்தனை மைல் தாண்டி நம் வீதி வரைக்கும் நல்ல தண்ணீராகத்தான் வருகிறது. கெட்டுப்போவது வாசலுக்கு முன்னால் இரண்டடி அகலத்தில். அந்த இரண்டடி கேரள எல்லையான வாளையாருக்கு அந்தப் பக்கம் இல்லை, உங்கள் எல்லைக்குள் இருக்கிறது. அதே வீதியில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே கான்கிரீட் போட்டு, வீடுகள் ரோட்டுக்குக் கீழே போன கதையும் இருக்கிறது. அப்போதும் முதலில் குழாயை மாற்றுங்கள், பிறகு ரோடு போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தோம். மனு பெற்றுக்கொண்டதற்கு ரசீது மட்டும் கிடைத்தது. இப்போது குழாயை மாற்ற அந்தக் கான்கிரீட்டை வெட்ட வேண்டும். கோபமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறோம்.

சாக்கடைக்குள் கிடக்கும் குழாய்களை வெளியே எடுங்கள். மெயினில் சேடில் (குழாயைச் சுற்றிப் பிடிக்கும் பட்டை) போட்டுப் புதுப் பெரூல் (வீட்டு இணைப்பு எடுக்கும் முனை) வைத்து, அங்கிருந்து வீட்டுச் சுவர் வரைக்கும் எம்.டி.பி.ஈ. என்னும் வளையும் பிளாஸ்டிக் குழாயை ஒரே துண்டாக இழுக்க வேண்டும். சாக்கடையைத் தாண்டும் இடத்தில் ஓடும் நீர்மட்டத்துக்கு மேலே, மூடிக்கல்லுக்கு அடியில், ஒன்றரை அங்குல பி.வி.சி. உறைக்குள் அது போக வேண்டும். சாக்கடை அகலத்துக்குள் ஒரு ஜாயின்ட்கூட வரக்கூடாது. முக்கியமாக, பழைய பெரூலை மெயினிலேயே அடைக்க வேண்டும். அவசரத்தில் பழைய குழாயை அறுத்து, நுனியை மடக்கிக் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த மீதித் துண்டு வழியாகச் சாக்கடை மெயினுக்கே ஏறும், இத்தனை வேலையும் வீணாகும். முடிந்ததும் கடைசி முனையில் குழாயைக் கழுவி வெளியேற்ற ஒரு வாஷ்அவுட் வால்வு வைத்து, தண்ணீர் தெளியும்வரை ஓடவிட்டு, குளோரின் ஏற்றி நிறுத்திவைத்து, அதையும் வெளியேற்றிய பிறகே வீடுகளுக்குத் திறக்க வேண்டும்.

அந்த வீதியில் நாற்பது சொச்சம் இணைப்புகள். ஒரு பிளம்பரும் ஒரு உதவியாளும் ஒரு நாளில் நான்கு இணைப்புகளை மாற்றலாம். இரண்டு தண்ணீர் விடும் நாளுக்கு இடையிலுள்ள பதினோரு நாளில் வீதி முடிந்துவிடும். வீட்டுச் சுவருக்கு உள்ளே ஆகும் செலவு எங்களுடையது, அதை வீதிக்காரர்கள் பேசி ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். கான்கிரீட்டை வெட்டும் அனுமதியும், சேடில், பெரூல், குழாய்ப் பொருளும், மெயினில் கை வைக்கும் ஆளும் பேரூராட்சியிலிருந்துதான் வரவேண்டும்.

வேலை முடியும்வரை லாரித் தண்ணீரை நிறுத்தாதீர்கள். தண்ணீர் விடும் நாளையும் நேரத்தையும் முந்தின நாளே ஆட்டோவில் சொல்லச் சொல்லுங்கள். லைன் வீடுகளில் மலையாளம் பேசும் குடும்பங்களும் இருக்கின்றன, அந்த மொழியிலும் ஒருமுறை சொன்னால் நல்லது. அடுத்த முறை வால்வு திறக்கும் இரவில் செயல் அலுவலர் அய்யாவோ பொறியாளரோ கீழ்க்கோடி வீட்டு வாசலுக்கு வந்து, முதல் குடம் நிரம்புவதைப் பார்க்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். மூடிக்கல்லைத் தூக்க நாங்கள் கடப்பாரையோடு நிற்கிறோம்.

இப்படிக்கு,
பிள்ளையார் கோயில் வீதி, கீழ்க்கோடி வீட்டுக்காரர்கள்